திருவண்ணாமலையில் செய்தி சுமப்போர்

உள்ளூர்ச் செய்தி என்பது, ஓர் ஊரில் வாழ்வோரும் அங்கே கடை வைத்துப் பிழைப்போரும் நாளைய வேலையை இன்றே திட்டமிடுவதற்குத் தேவையான தகவல்களின் தொகுப்பாகும். எந்தத் தெருவில் எப்போது மின்சாரம் நிறுத்தப்படும், குடிநீர் என்று வரும், எந்தச் சாலை அடைக்கப்படும், வரி கட்டக் கடைசி நாள் எது, யார் வீட்டில் துக்கம், எந்தக் கடை எங்கே இடம் மாறியது என்பனவெல்லாம் அதில் அடங்கும். நாட்டு நடப்பு தெரியாமற்போனால் ஒருவரது கருத்து குறைபடலாம். உள்ளூர்ச் செய்தி தவறினாலோ அன்றைய வருவாயே குறைபட்டுவிடும். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில், ஊரில் வசிப்போரைக் காட்டிலும் பன்மடங்கு வெளியூரார் குறிப்பிட்ட சில இரவுகளில் வந்து நிறைவதால், செய்தியைச் சேர்ப்பதும் சுமந்து சென்று கொடுப்பதும் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளன. அத்தொழிலில் ஈடுபட்டிருப்போர் பலருடைய பெயர் அவர்கள் கொண்டுசேர்க்கும் தாளில் எங்கும் இடம்பெறுவதில்லை.

இந்நகரின் மிக முக்கியமான உள்ளூர்ச் செய்தி மாதம் ஒருமுறை வெளிவருகிறது. கிரிவலம், அதாவது அண்ணாமலையை வலமாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து சுற்றி வருதல், பௌர்ணமியன்று பெருந்திரளாக நிகழ்வதால், அதற்கு உகந்த நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை அருணாசலேசுவரர் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. நாளிதழ்கள் அதனை நாலைந்து வரிகளில் வெளியிடுகின்றன. நேரம் மாதந்தோறும் மாறுவதற்குக் காரணம் பௌர்ணமித் திதியின் இயல்பாகும். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோண விலகல் 12 பாகை மாறுவதற்கு ஆகும் காலம். சந்திரனின் வேகம் சீராக இல்லாமையால் அது ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி நேரம் வரை நீளக்கூடும். வெளியூர்ப் பக்தர் அந்த நாலைந்து வரிகளை எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்று முடிவு செய்யப் படிக்கிறார். கிரிவலப் பாதையோரத்தில் இட்லிக்கடை நடத்துபவரோ எத்தனை படி அரிசி ஊறவைப்பது என்று முடிவு செய்யப் படிக்கிறார். திதி மாலையில் தொடங்கி மறுநாள் இரவு வரை நீண்டால் கூட்டம் இரண்டு இரவுகளாகப் பிரிகிறது. மாவை இருமுறை ஆட்ட வேண்டும், இளநீரை இரண்டு லோடாக இறக்க வேண்டும். காலையில் தொடங்கி மறுநாள் விடியுமுன் முடிந்தால் ஒரே இரவில் அத்தனை பேரும் குவிகின்றனர். அப்போது சரக்கைவிட ஆள்பலமே பெருங்கவலையாகிறது. 2024 மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிய ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்ட பின்னர், நள்ளிரவையொட்டி வந்து அதிகாலையில் திரும்பும் அந்த வண்டியின் நேரமும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தேநீர்க் கடைக்காரர்களுக்கும் மனப்பாடமான செய்தியாகிவிட்டது.

இச்செய்திகளை எழுதி அனுப்புவோரில் பெரும்பாலோர் பகுதி நேர நிருபர்கள் ஆவர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம், மாதந்தோறும் கூடும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டம், காவல் நிலையங்கள், அரசு மருத்துவமனை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஆகியன அவர்களுடைய வழக்கமான தடங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்பது நெல், மணிலா முதலிய விளைபொருள்களை விவசாயிகள் அரசின் மேற்பார்வையில் ஏலத்தில் விற்கும் இடமாகும். செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடமிருந்து, பேச்சுவழக்கில் பி.ஆர்.ஓ.விடமிருந்து, வரும் செய்திக்குறிப்பு பெரும்பாலும் யார் தலைமையில் எந்த ஆய்வுக் கூட்டம் நடந்தது, யார் யார் கலந்துகொண்டனர் என்று தொடங்கும். தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எங்கே அமைகின்றன, எந்தச் சாலையில் எத்தனை மணிக்குமேல் வண்டி விடமாட்டார்கள், அன்னதானம் வழங்குவோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியை எப்படிப் பெறுவது என்பனவெல்லாம் அதன் கடைசிப் பத்தியில் கிடக்கும். அந்தக் கடைசிப் பத்தியை முதல் வரிக்குக் கொண்டுவருவதே தேர்ந்த உள்ளூர் நிருபரின் கைத்திறன். இத்திறனுக்கு உரிய ஊதியம் கிடைப்பதில்லை என்பது தமிழ்நாடு முழுவதிலும் உள்ள நிலையாகும். வட்ட அளவிலான நிருபர்கள் பலர் மாதச் சம்பளமின்றி, சிறு மதிப்பூதியத்தையும் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதால் வரும் கமிஷனையும் நம்பியே இருக்கின்றனர். செய்தி சேகரிக்கச் செல்லும் கடைக்காரரிடமே விளம்பரமும் கேட்க நேர்வது அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்துகிறது. அந்தக் கடைக்காரரைப் பற்றிய குறை எதுவும் எழுதப்படாமற்போவதற்கும் அதுவே வழிவகுக்கிறது.

எழுதப்பட்ட செய்தி அச்சேறுவது பெரும்பாலும் வெளியூரில். தினத்தந்தி, தினகரன் முதலிய நாளிதழ்களின் வேலூர்ப் பதிப்புகள் இரவில் அச்சாகி, வேன்களில் ஏறி, விடியுமுன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்கின்றன. அந்நேரத்தில் கட்டுகளைப் பிரித்து அமரும் முகவர்களையும் அவர்களிடம் வேலை பார்ப்போரையும் கூர்ந்து நோக்கினால், தாள் எண்ணுவதே ஒரு பயிற்சி பெற்ற வேலை என்பது விளங்கும். இணைப்புத் தாள்கள் தனிக் கட்டாக வருகின்றன. முதன்மைத் தாளின் மடிப்பை இடக்கையின் பெருவிரலால் பிளந்து, வலக்கையால் இணைப்பைச் செருகி, அதே அசைவில் அடுத்த தாளுக்கு நகர்கின்றனர். விளம்பரத் துண்டறிக்கை இருந்தால் அதையும் அப்போதே உள்ளே வைக்க வேண்டும். ஊரார் ‘பிட் நோட்டீஸ்’ என்று வழங்கும் இத்துண்டறிக்கையே சிறுகடைக்காரரின் கைக்கு எட்டும் விளம்பரமாகும். புதிதாகத் திறக்கும் தையற்கடை, பல் மருத்துவமனை, டியூஷன் வகுப்பு, ஆடித் தள்ளுபடி ஆகியவை நாளிதழின் பக்கத்திற்குள் நுழையப் பணம் போதாமல் அதன் மடிப்புக்குள் நுழைகின்றன. எந்த ‘லைனில்’ எத்தனை வீடு, அதாவது ஒரு பையன் சைக்கிளிலோ மொபெட்டிலோ சுற்றிவரும் தடத்தில் எத்தனை தாள் விழும் என்பது முகவருக்குத் தெரியும். ஆகவே வேட்டவலம் சாலைக் கடைக்காரரின் நோட்டீஸ் செங்கம் சாலை வீடுகளுக்குப் போய் வீணாவதில்லை. மழைநாளில் தாள் நனையாமல் வாசலில் சேர்ப்பதற்கு வாசகர் நன்றி சொல்வது அரிது. ஒரு நாள் தாமதமானால் தொலைபேசி அழைப்பு உடனே வந்துவிடும்.

சுவரொட்டி ஒட்டுவோரின் தொழில் இரவுக்குரியது. மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டி விழாமல் கிளறிக் காய்ச்சி, மாடும் பூச்சியும் தின்னாதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்த்துப் பசை ஆயத்தம் செய்யப்படுகிறது. பசை நீர்த்தால் தாள் வழுக்கும், கெட்டியானால் காய்ந்ததும் உதிரும். சுவரின் தூசியைத் துடைத்து ஒரு பூச்சு, அதன்மேல் தாள், தாளின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மீண்டும் ஒரு பூச்சு என்று ஒட்டுவதால் உள்ளே காற்று தங்குவதில்லை. எந்தச் சுவரில் எதை ஒட்டலாம், எதன்மேல் எதை ஒட்டக்கூடாது என்பதற்கு எழுதாத முறைமைகள் உண்டு. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின்மேல் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வேறெதையும் ஒட்டத் தயங்குவர். துக்கச் செய்தியைப் பொறுத்தவரை சுவரொட்டியே இன்றும் முதன்மையான ஊடகமாகத் திகழ்கிறது. இறந்தவரின் படமும் பெயரும், அடக்கமோ தகனமோ நடைபெறும் நேரமும், ‘பே கோபுரம் அருகில்’, ‘தேரடி எதிரில்’ என்பன போன்ற அடையாளமும் அதில் இருக்கும். கதவிலக்கத்தைவிடக் கோபுரமும் குளமுமே இவ்வூரில் முகவரியாகப் பயன்படுகின்றன. 2019இல் சென்னையில் விளம்பரப் பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததையடுத்து பதாகைகளின் மீதான கட்டுப்பாடு இறுகியபோதும், பசை வாளியோடு செல்பவருக்கு வேலை குறையவில்லை.

ஒலி வழியாகச் செய்தி சொல்வது இவையெல்லாவற்றுக்கும் மூத்தது. தண்டோரா என்பது பறையையோ தமுக்கையோ முழக்கி, கூட்டம் திரும்பிப் பார்த்ததும் அரசாணையையோ ஊர்க்கட்டளையையோ உரக்கக் கூறும் முறையாகும். வரி வசூல், ஏரி மதகு திறப்பு, கிராம சபைக் கூட்டம், கொள்ளை நோய் எச்சரிக்கை எல்லாம் அவ்வாறே அறிவிக்கப்பட்டன. அவ்வேலை குறிப்பிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டிருந்தது என்பதை மறைத்துவிட்டு அதனை வெறும் பழம்பெருமையாக எழுதுவது நேர்மையாகாது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கியைக் கட்டி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். மிகத் தாமதமாக வந்தபோதிலும் தேவையான முடிவு அது. இன்று கூம்பு ஒலிபெருக்கியும் பேட்டரியும் பென் டிரைவும் கொண்ட ஆட்டோ அவ்விடத்தைப் பிடித்துள்ளது. பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப ஒலிக்க, ஓட்டுநர் தெருமுனையில் வேகத்தைக் குறைத்து, வாக்கியம் முடிந்த பின்னரே திரும்புகிறார். அதைத் திறமை என்று எவரும் கருதுவதில்லை. எனினும் வாக்கியம் பாதியில் அறுபட்டால் ‘குடிநீர் வராது’ என்னும் அறிவிப்பு ‘குடிநீர்’ என்ற அளவிலேயே நின்றுவிடும். தண்டோரா போட்டவரிடம் ‘ஏம்ப்பா, எந்தத் தெருவுக்கு?’ என்று நிறுத்திக் கேட்க முடிந்தது. ஒலிப்பதிவிடம் கேட்க முடியாது. ஆள் மாறியது சமூக நீதிக்கு உகந்ததே. ஆனால் கேள்விக்கு விடை சொல்லும் ஆளே இல்லாமற்போனதை ஈடுசெய்ய இதுவரை வழி காணப்படவில்லை.

அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் பெருகியதால், கடைப் பலகைகளிலும் விடுதி அறிவிப்புகளிலும் தெலுங்கு எழுத்து இயல்பாக இடம்பெறுகிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்கள் பெருகியுள்ளதும் வெளிப்படை. தெருவாரியாகவும் வணிகர்களுக்கெனவும் இயங்கும் அவற்றில் மின்தடை அறிவிப்பு நாளிதழுக்கு முந்திவிடுகிறது. ஆனால் சென்ற மாதத்து அறிவிப்பு இம்மாதம் மீண்டும் சுற்றிவருவதும் அங்கேதான் நிகழ்கிறது; நாளிதழில் தேதி இருக்கிறது, குழுவில் அனுப்பப்பட்ட படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடுகளும் யாருக்குப் பயன்படுகின்றன என்று பார்க்கும்போது ஒரு சாய்வு புலப்படுகிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாள்களிலும், கொடியேற்றம் முதல் மகா தேரோட்டம் ஈறாக, பத்தாம் நாள் அதிகாலைப் பரணி தீபம் முதல் மாலை ஆறு மணி மகா தீபம் ஈறாக, வெளியூராருக்குத் தேவையான ஒவ்வொரு நேரமும் பிசகாமல் அறிவிக்கப்படுகிறது. மாடவீதிகளில் குடியிருப்போருக்கோ, தேரோட்ட நாளில் தம் வண்டியை எப்போது வெளியே எடுக்கலாம், கடைக்குச் சரக்கு எந்த வழியாக வரும் என்பதைத் தாமே கேட்டறிய வேண்டியுள்ளது. நிர்வாக மாற்றமும் இதனோடு சேர்ந்துகொண்டது. 1886இல் தோன்றிய திருவண்ணாமலை நகராட்சி, 2024இல் சுற்றியுள்ள ஊராட்சிப் பகுதிகளையும் இணைத்து மாநகராட்சியாக உயர்ந்தது. கிராம சபை ஊராட்சிக்கு உரியது. ஊராட்சி நகரத்தோடு இணையும்போது அச்சபையும், வாக்காளர் எவரும் எழுந்து வரவு செலவைக் கேட்கும் உரிமையும் அவ்வடிவில் முடிவுக்கு வருகின்றன. நகர்ப்புறத்திற்கெனத் தமிழ்நாட்டில் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. ஆனால் அவை எங்கே, என்று கூடும் என்பது கிராம சபை நாளைப் போல மக்கள் நாவில் பதியவில்லை. வரி மாறும், வணிக உரிமம் கேட்கும் அலுவலகம் மாறும், குப்பை வண்டியின் நேரம் மாறும். இவற்றைச் சொல்ல ஆட்டோ அனுப்பப்படுவது அரிது.

இச்சாய்வு உயிர் தொடர்பானதாகவும் ஆகக்கூடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பின்னர் பெய்த பெருமழையில், டிசம்பர் 1ஆம் நாள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் 11ஆவது தெருவில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரம் கடலூர் வரை வெள்ளம் பாய்ந்தது. முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்பது குறித்துக் கடும் வாதம் எழுந்தது. புயல், மழை எச்சரிக்கைகள் மாவட்டம், காற்றின் வேகம், மழையின் அளவு என்னும் நிலையில் வருகின்றன. சரிவின் கீழ் வசிப்பவருக்கோ ‘இந்தத் தெருவில் இன்றிரவு படுக்க வேண்டாம்’ என்னும் நிலையில் செய்தி தேவைப்படுகிறது. முன்னதைப் பின்னதாக மாற்றுவதே உள்ளூர்ச் செய்தித் தொழிலின் தலையாய பணி.

அப்பணியைச் செய்ய இவ்வூரில் ஆளும் உண்டு, கருவியும் உண்டு என்பதற்கு அடுத்த சில நாள்களே சான்றாயின. டிசம்பர் 13ஆம் நாள் தீபத்தன்று, மண்சரிவின் காரணமாகப் பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்னும் செய்தியை நாளிதழ்களும் ஒலிபெருக்கிகளும் பல லட்சம் பேரிடம் கொண்டுசேர்த்தன. பன்னிரண்டு நாள் இடைவெளியில் அத்தனை பேருக்குச் சொல்ல முடிந்த ஊரில், அடிவாரத்தில் நெருக்கமாக அமைந்த சில தெருக்களுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீடு வீடாகச் சொல்வது இயலாத காரியமன்று. அத்தெருக்களில் நாள்தோறும் தாள் போடும் பையனுக்கு எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது தெரியும். விளம்பர ஆட்டோ ஓட்டுநருக்கு எந்தச் சந்தில் வண்டி நுழையாது என்பது தெரியும். மாநகராட்சியின் பேரிடர் ஆயத்தக் கூட்டங்களில் அவர்களுக்கும் ஓர் இருக்கை போட்டு, மழை நாள்களில் அவர்கள் செய்யும் வேலைக்குக் கூலியும் நிர்ணயிக்க வேண்டும்.