நெட்ஸ்ல போடுற பந்தை யார் எண்ணுறது?

ஞாயித்துக்கிழமை காலைல நசரத்பேட்டை பக்கம் வந்தீங்கன்னா, வீடு எழும்பாத காலி மனை எல்லாத்துலயும் ஸ்டம்ப் நட்டிருக்கும். பேட் பிடிக்க வரிசை கட்டி நிப்பாங்க. நிஜமாவே வேகமா போடுறவன் டீமுக்கு ஒருத்தன் தேறினா அதிகம். அதனாலயே அவன் தோளும் முதுகும் ஊர் பொதுச்சொத்து ஆயிடும்.

எங்க தெருவுல அப்படி ஒரு பையன், பதினஞ்சு வயசு. வாரநாள்ல ஸ்கூல் டீம், சனிக்கிழமை கோச்சிங் கேம்ப், ஞாயிறு மேட்ச். ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனவன் சும்மா எண்ண ஆரம்பிச்சேன். (பொட்டி தட்டுறவனுக்கு வேறென்ன தெரியும்?) நூத்தைத் தாண்டினதும் விட்டுட்டேன். பையன் இன்னும் போட்டுட்டுதான் இருந்தான். ஃபீஸ் கட்டின பேட்ஸ்மேன்களுக்கு எல்லாம் பந்து வேணுமே! மேட்ச்ல போடுற ஓவர் ஸ்கோர்புக்ல ஏறும். நெட்ஸ்ல போடுறது எதுலயும் ஏறாது.

பேஸ்பால் ஆடுற அமெரிக்காவுல இந்தக் கணக்கைத்தான் மொதல்ல பார்க்கிறாங்க. சின்னப் பசங்க ஆடுற லிட்டில் லீக்ல 2007-லயே பந்து எண்ணிக்கைக்கு வரம்பு கொண்டுவந்துட்டாங்க. 2014-ல வந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில 15-16 வயசுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. 76-க்கு மேல எறிஞ்சா நாலு நாள் ரெஸ்ட். அங்க போறது முழங்கை, நம்மாளுங்களுக்குப் போறது அடிமுதுகு. அவ்வளவுதான் வித்தியாசம்.

2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில ஜெயிச்சு பேஸ்பாலுக்குப் போன ரிங்கு சிங், தினேஷ் படேல் ஞாபகம் இருக்கா? 2014-ல நம்ம ரஹ்மான் மியூசிக்ல படமாக்கூட வந்துச்சே. ஈட்டி எறிஞ்சுட்டிருந்த பசங்க. ரிங்குவால 2013 சீசன் முழுக்க காயத்தால ஆட முடியலை. அந்தப் பகுதி படத்துல வராது :-)

நமக்கு இன்னும் கிட்டத்துல ஒரு உதாரணம் இருக்கு. பூந்தமல்லி ஹைரோட்டைப் பிடிச்சு சிட்டிக்குள்ள போனா சேத்துப்பட்டு. 1987-ல அங்க எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சப்ப சொல்லிக்கொடுக்க வந்தவர் டென்னிஸ் லில்லி. அவருக்கே 1973-ல முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். கதை முடிஞ்சதுன்னாங்க. மனுஷன் உடம்பைத் தேத்தி, ஆக்‌ஷனைத் திருத்தி, 355 டெஸ்ட் விக்கெட்டோட ரிட்டயர் ஆனார். இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் முறுக்கிக்கிட்டு போடுற 'மிக்ஸ்டு' ஆக்‌ஷன்தான் முதுகுக்கு எமன்னு பல ஆய்வுல சொல்லியிருக்காங்க. ஆக்‌ஷனை மாத்த முடியுமான்னு கேட்டா, சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்க. டென்னிஸ் பால்ல வளர்ந்தவர். 2015-ல ஆக்‌ஷன் மேல சந்தேகம் வந்துச்சு. பொறுமையா மாத்திக்கிட்டு, 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடினார். அவசரப்படுத்தாத ஆளுங்க கூட இருந்தாங்க.

போன மாசம் எங்க தெருப் பையன், "அண்ணா, முதுகு ஒரு பக்கமா வலிக்குது"ன்னான். அவங்கம்மா, "வளர்ற வயசு தம்பி, தைலம் தேச்சா சரியாயிடும்"னாங்க. வலது கைக்காரனுக்கு இடது பக்க அடிமுதுகுல வலின்னா தைலத்தோட விடக்கூடாது. இந்த மாதிரி விரிசல் எக்ஸ்ரேயில தப்பிச்சுடும், எம்.ஆர்.ஐ எடுத்தாதான் தெரியும். அதையே அவங்கப்பாகிட்ட சொன்னேன். "செலெக்‌ஷன் வருதேப்பா"ன்னார். "சார், அடுத்த வருஷமும் செலெக்‌ஷன் வரும்"னேன். நல்லவேளை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஸ்கேன்ல விரிசல் ஆரம்பம்னு வந்திருக்கு. சில மாசம் பந்தைத் தொடக்கூடாது. பையன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. ஆனா இன்னும் நாலு ஞாயிறு விட்டிருந்தா?

நம்ம ஊர்ல கோச்னா வேகத்தைக் கூட்டுறவர்னு நினைக்கிறோம். பதினஞ்சு வயசுப் பையனுக்கு "போதும்டா, இன்னிக்கு இவ்ளோதான்"னு சொல்லி பந்தை வாங்கி வைக்கிறவர்தான் கோச். அதுக்கு லில்லி வரவேண்டாம், ஒரு நாப்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். உங்க வீட்டுல, தெருவுல யாராவது வேகமா போடுற பையன் இருந்தா இந்த வாரமே ஆரம்பிங்க. நெட்ஸ் பந்தையும் சேர்த்து எழுதுங்க.