முன்னமே தெரிந்திருந்தால் ஏன் பிடிக்கவில்லை?



ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 21 வரும்போது எதையாவது எழுத நினைப்போம். எழுதினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று விட்டுவிடுவோம். இந்த முறை ஒரு பிள்ளை கேட்ட கேள்வி எங்களை விடவில்லை.

நிவித்திகலயில் குடியியல் கல்வி வகுப்பு. அரசாங்கத்தின் கடமைகள் பற்றிய பாடம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், குண்டு வைக்கப் போறாங்கனு கவுமெண்டுக்கு முன்னமே தெரியுமாம்ல. அப்புறம் ஏன் புடிக்கல?" என்று கேட்டது.

வகுப்பில் நாங்கள் சொன்னது போதாது. அதனால் இங்கே எழுதுகிறோம்.

ஆம், தெரிந்திருந்தது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி இந்தியாவிலிருந்து எமது அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்தது. 9 ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்கு எழுத்தில் போனது. 11 ஆம் திகதி எழுதப்பட்ட பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. அந்தக் கடிதம் பிரமுகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பிரிவுகளுக்குப் போனது. கொச்சிக்கடைக்கும், கட்டுவாப்பிட்டிக்கும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருநாள் உடுப்போடு பூசைக்குப் போன பிள்ளைகளும் சேர்த்து 260 க்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள்.

அப்போது ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் முகம் பார்க்க முடியாத பகை. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைப்பதே இல்லை. பெரியவர்கள் இருவர் சண்டை பிடித்த வீட்டில் கதவைப் பூட்ட ஆளில்லாமல் போனது.

தகவல் வெளிநாட்டிலிருந்து மட்டும் வரவில்லை. காத்தான்குடியில் 2017 மார்ச்சில் சஹ்ரானின் ஆட்கள் வாளெடுத்து மோதியபோதே அங்குள்ள முஸ்லிம்கள் முறையிட்டார்கள். எமது சப்ரகமுவ மாகாணத்திலுள்ள மாவனல்லையில் 2018 டிசம்பரில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணைதான் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒளித்து வைத்திருந்த 100 கிலோ வெடிமருந்து வரை போனது. அதற்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் சகோதரர் ஒருவரை மார்ச்சில் அவருடைய வீட்டுக்குள் வைத்தே சுட்டார்கள். அதற்குப் பிறகும் சஹ்ரானைப் பிடிக்கவில்லை.

எங்களில் பிழையில்லை என்று சொல்ல வரவில்லை. வெறுப்பைக் கக்கும் பயான்களை "அது இயக்கச் சண்டை, எங்களுக்கென்ன" என்று கேட்டும் கேளாமல் இருந்தோம். அதற்கு அல்லாஹ்விடம் நாங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னவர்களும் எங்களில் இருந்தார்கள். சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மே மாதம் பாடசாலை திறந்தபோது வாயிலில் பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். நாங்களும் எங்கள் கைப்பையைத் திறந்து காட்டினோம். அது எங்களுக்குக் கோபமில்லை. பெற்றோரின் பயம் நியாயமானது. நேற்று வரை சேர்ந்து பகல் சாப்பிட்டவர்கள் அபாயாவைப் பார்த்து ஒதுங்கி நின்றதுதான் வலித்தது. மே 13 ஆம் திகதி குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, ஊரடங்குச் சட்டம் இருந்தும் தடுக்க ஆளில்லை. ஏப்ரலில் தேவாலயத்தைக் காக்காத அதே அரசு, மேயில் பள்ளிவாசலையும் காக்கவில்லை.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா கட்ட வேண்டும் என்றார்கள். பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்தவருக்கும் 75 மில்லியன் வீதம், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவருக்கு 50 மில்லியன். ஒன்றும் செய்யாமல் இருந்ததும் பிழைதான் என்று இந்த நாட்டில் எழுத்தில் இருக்கிறது. ஆனால் பணம் கட்டுவதோடு இது முடியாது. யார், எதற்காக அந்தக் கடிதங்களைக் கிடப்பில் போட்டார்கள் என்பதைப் பிள்ளைகளை இழந்த கத்தோலிக்கத் தாய்மார் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எங்களுடையதும்தான். முழு உண்மை வரும்வரை அவர்களுக்கு நீதியில்லை, எங்கள் மீதுள்ள சந்தேகமும் தீராது.

மகளே, உன் கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் இதுதான். தெரிந்திருந்தது. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. நாளை நீ எந்தக் கந்தோரில் எந்தக் கதிரையில் இருந்தாலும், உன் மேசைக்கு வரும் கடிதத்தைப் பிரித்து வாசி. வாசித்துவிட்டு எழுந்து போய் உரியவருக்குச் சொல்.