இளங்கௌதமனும் டோனி மார்ட்டினும்

சித்தன்னவாசல் குகைக்கோயிலின் முகப்பில் நிற்கிற தூண்கள் அந்தக் கோயிலுக்கென்று செய்தவை இல்லை. குடுமியான்மலையில் இடிந்து கிடந்த ஒரு மண்டபத்திலிருந்து, புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் டாட்டன்ஹாம் துரை முயற்சியில் கொண்டுவந்து நட்டவை. அன்னவாசல்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்று சொல்லமாட்டேன். வெளியூர்ச் சொந்தக்காரர்களை ஓவியம் பார்க்கக் கூட்டிப்போகிற வேலை யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது என் தலை. வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்று பாட்டுக் கேட்பேன். அப்படி ஒருநாள் காதில் ஓடிக்கொண்டிருந்தது பிளாக் சாபத் ராக் குழுவின் 'ஹெட்லெஸ் கிராஸ்' ஆல்பம். அதில் டிரம்ஸ் வாசிப்பவர் கோஸி பவல். ரெயின்போவிலும் ஒயிட்ஸ்நேக்கிலும் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். இவரும் வேறு கோயிலிலிருந்து வந்த தூண்தானே என்று தோன்றியது. அன்றிலிருந்து அந்தக் குகையையும் இந்தக் குழுவையும் தனித்தனியாக யோசிக்க வரவில்லை.

சாபத் ரசிகர்களில் கட்சிகள் உண்டு. 1979-இல் ஓஸி ஆஸ்பர்னை வெளியே அனுப்பியதோடு குழு செத்துப்போய்விட்டது என்பது மூத்த கட்சி. அடுத்து வந்த ரோனி ஜேம்ஸ் டியோவை மட்டும் போனால் போகட்டும் என்று சேர்த்துக்கொண்டு, அத்தோடு கதவைச் சாத்திக்கொண்டது இரண்டாவது கட்சி. 1983-இல் இயன் கில்லன், 1986-இல் கிளென் ஹியூஸ், பிறகு ரே கில்லன் (இவர் வேறு கில்லன்), 1987 முதல் டோனி மார்ட்டின் என்று வந்தவர்களை இந்த இரண்டு கட்சியும் மனிதராகவே மதிக்கவில்லை. கிட்டார்காரர் டோனி அயோமி மட்டும் எல்லாக் காலத்திலும் அசையாமல் இருந்தார். மார்ட்டின் பாடிய ஆல்பங்கள் ஐந்து. ஓஸியின் ஆல்பங்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்களிடம் இந்த ஐந்தைக் கேட்டால் இரண்டு தேறாது.

நான் எந்தக் கட்சியிலும் சேராமல் போனதற்குக் கொள்கை காரணம் அல்ல. எனக்கு முதலில் கிடைத்த கேசட்டே 'ஹெட்லெஸ் கிராஸ்'. திருச்சியில் படித்த காலம். ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரன் எங்கிருந்தோ ஒரு கேசட் கொண்டுவந்தான். அதை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து அறுபது நிமிட டேப்பில் இறக்கச் சொன்னோம். கடைக்காரர் பொன்னையா, பக்திப் பாடல்களிலும் இளையராஜாவிலும் கரை கண்டவர். இந்தச் சத்தத்தைப் பதியும்போது ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, லெவல் முள் சிவப்பில் முட்டி முட்டித் திரும்புவதையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் போய்விடுமோ என்ற கவலை. ஆல்பம் நாற்பது நிமிடம்தான். காசு வாங்கிக்கொண்டு டேப்பைக் காலியாக விடுவது அவர் தர்மத்தில் கிடையாது. மிச்சத்தில் ஜானகி பாடிய இளையராஜா பாட்டுகளைப் போட்டு நிரப்பி, அட்டையில் நீல மசியில் அழகாக 'பிளாக் சபா' என்று எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜானகி வராவிட்டால் எனக்கு என்னவோ குறைகிறது.

ஆகவே என் காதுக்கு சாபத்தின் மூலக்குரல் டோனி மார்ட்டின்தான். ஓஸியை நான் கேட்டது அப்புறம். கேட்டபோது, யாரோ ஒருவர் மார்ட்டின் இடத்தில் மூக்கால் பாடுகிறாரே என்றுதான் இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "மாமா, நீங்க கதைய கிளைமாக்ஸ்லேருந்து பாத்தவரு, ஒங்க பேச்சு செல்லாது" என்பான். செல்லாமல் என்ன? அசல், மாற்று என்று நாம் பிரிப்பதில் பாதி, எந்தக் கேசட் முதலில் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்த விஷயம். சிவாஜியின் குரல் என்றால் டி.எம்.எஸ். என்று சத்தியம் செய்கிற நம் பெரியவர்களைக் கேளுங்கள். 1952-இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'க்கு வந்த டி.எம்.எஸ். அன்றைக்கு மாற்று ஆள்தான். ஜெயராமனைப் பிறகு எத்தனை பேர் தேடிக் கேட்டார்கள்? 'சம்பூர்ண ராமாயண'த்தில் ராவணனுக்கு அவர் பாடிய பாட்டு ஒன்று போதும், அந்தக் கனத்த குரலை நாம் எவ்வளவு சீக்கிரம் பரணில் போட்டோம் என்று தெரிய.

மார்ட்டின் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. சரக்கே கடையில் இல்லை. 1989-இன் 'ஹெட்லெஸ் கிராஸ்', 1990-இன் 'டைர்', 1994-இன் 'கிராஸ் பர்பஸஸ்', 1995-இன் 'ஃபர்பிடன்' நான்கும் பல வருஷம் புதிதாக வாங்கக் கிடைக்காமல், போனில் தேடினாலும் ஒழுங்காக அகப்படாமல் இருந்தன. 2024 மே மாதம்தான் 'அன்னோ டொமினி' என்ற பெயரில் நான்கையும் ஒரே பெட்டியாக வெளியிட்டார்கள். உடனே ஊர் உலகமெல்லாம், அடடா, இவ்வளவு நாள் இதை எப்படி விட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. என் அக்கா மகன் 'டைர்' பைத்தியமாகிவிட்டான். வைக்கிங் கடவுள்கள், கடல், போர் என்று ஒரே புராணம் அது. எனக்கு அதில் கீபோர்டு கொஞ்சம் அதிகம். 'கிராஸ் பர்பஸஸ்' அடக்கமான நல்ல ஆல்பம், பெட்டி வந்த பிறகும் அதைச் சீந்துவாரில்லை. 'ஃபர்பிடன்' அயோமிக்கே பிடிக்காமல் இருந்து, இப்போது அவரே உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். டிரம்ஸ் இப்போது டிரம்ஸ் மாதிரி கேட்கிறது. பாட்டுகள் அதே பாட்டுகள்தான். மறுபரிசீலனை என்று கிளம்பினால் எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டாட வேண்டும் என்று சட்டமா என்ன?

'ஹெட்லெஸ் கிராஸ்' மட்டும் பேச்சில் அடங்காது. 'வென் டெத் கால்ஸ்' பாட்டில் மார்ட்டின் தாழ்ந்த குரலில், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஆரம்பிப்பார். சட்டென்று மேலே ஏறும்போது தொண்டை கிழியாது, அகலமாகும். நடுவே கிட்டார் சோலோ வாசிப்பது குவீன் குழுவின் பிரையன் மே. இன்னொரு கோயில் தூண்.

கல், தூண் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1983-இல் இயன் கில்லனோடு 'பார்ன் அகெய்ன்' ஆல்பம் போட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பியபோது, மேடைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் செய்யச் சொன்னார்கள். அடிக்கணக்கு மீட்டர் கணக்காகிப்போய், பாதி அரங்குகளுக்குள் நுழையாத உயரத்தில் கல் வந்து இறங்கியது என்று சொல்வார்கள். நேரே எங்கள் பக்கம் வந்திருந்தால் செலவே ஆகியிருக்காது. சித்தன்னவாசலைச் சுற்றிப் பொட்டலில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்து பீடி குடிக்கிற உயரம்தான், எந்த மேடைக்கும் பொருந்தும்.

குகைக்கு வருகிறேன். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிறவர்கள், தூணில் ஆடுகிற பெண்கள். இதெல்லாம் யார் காலத்தது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மகேந்திரவர்மன் என்பார்கள். ஆராய்ச்சியாளர்களும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். சொல்லத் தோன்றும் ஆள்தான் அவர். சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவர், நாடகம் எழுதியவர், குகை குடைந்தவர். குடுமியான்மலைப் பாறையில் இருக்கிற இசைக் கல்வெட்டையும் அவர் பேரில்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் ராஜாவின் பெயரே இல்லை. உருத்திராசாரியாரின் சீடன் என்று மட்டும் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் எது அழகாக இருந்தாலும் மகேந்திரவர்மன் கணக்கில் வரவு வைத்துவிடுவது வழக்கம். மார்ட்டின் பாட்டைக் கேட்டுவிட்டு "ஓஸி பிரமாதம்பா" என்று என்னிடமே ஒருவர் சொன்னார்.

சித்தன்னவாசல் முகப்புப் பாறையில் தமிழ்ச் செய்யுளாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர், உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபத்தையும் கட்டினார் என்கிறது அது. காலம் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டு. நாம் இப்போது அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துப் பூச்சு என்பதுதான் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்களில் பலர் சொல்வது. குகையை முதலில் குடைந்தவர் யாராக இருந்தாலும் இருக்கட்டும். பிறகு வந்து, சிதைந்து கிடந்ததைப் பார்த்து, ஆள் பிடித்து, சுண்ணாம்பு அரைத்து, கூரையிலே குளம் வெட்டியது இரண்டாவது கோஷ்டி. பேரைத் தட்டிக்கொண்டு போனது முதல் கோஷ்டி. டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து மேலே வருவதற்குள் இளங்கௌதமன் பெயரை எவராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் கட்டிய முன்மண்டபமும் நிலைக்கவில்லை. அந்த இடத்தில்தான் டாட்டன்ஹாம் துரையின் தூண்கள் நிற்கின்றன.

அயர்ன் மெய்டன் குழுவிலும் இப்படி ஒருவர் உண்டு. புரூஸ் டிக்கின்சன் விலகிப் போயிருந்த 1990-களில் பாடிய பிளேஸ் பெய்லி. இரண்டு ஆல்பம் பாடினார், அன்றைக்கு வசவு வாங்கினார். ஆனால் டிக்கின்சன் திரும்பி வந்த பிறகு, பெய்லி காலத்துப் பாட்டுகளில் சிலவற்றைத் தானே மேடையில் பாடினார். 'தி கிளான்ஸ்மேன்' இன்று டிக்கின்சன் பாட்டு மாதிரியே ஆகிவிட்டது. அது ஒரு பெரிய மனசு. சாபத்தில் அது நடக்கவில்லை. 1992 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஓஸியின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க, அப்போது குழுவுக்குத் திரும்பியிருந்த டியோ மறுத்து விலகினார், ராப் ஹால்ஃபோர்ட் வந்து பாடிக் கொடுத்தார். அடுத்த ஆல்பத்துக்கு மறுபடி மார்ட்டினைக் கூப்பிட்டார்கள். 1997-இல் ஓஸி திரும்பியதும் மார்ட்டினும் போனார், அவர் பாட்டுகளும் மேடையை விட்டுப் போயின. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் பழைய நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தபோது அந்த மேடையில் மார்ட்டின் இல்லை. பதினேழு நாளில் ஓஸி காலமானார். அன்று ராத்திரி நானும் அவர் பாட்டைத்தான் கேட்டேன். அந்த மூக்குக் குரலுக்குள் ஒரு பயம் இருக்கிறது, அது மார்ட்டினுக்கு வராது. அதையும் சொல்லிவிடுவது நியாயம்.

சித்தன்னவாசல் ஓவியத்துக்கு அடியில் இன்னொரு பழைய பூச்சு உண்டு. மேல்பூச்சு விட்டுப்போன இடங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1987-இன் 'எடர்னல் ஐடல்' ஆல்பமும் அப்படித்தான். முதலில் முழுக்க ரே கில்லன் பாடி முடித்திருந்தார். அவர் விலகியதும் மார்ட்டினை அழைத்து, அதே மெட்டு, அதே இசைத்தடத்தின் மேல் திரும்பப் பாட வைத்தார்கள். 2010-இல் கில்லன் பாடிய பதிப்பையும் வெளியிட்டுவிட்டார்கள். இப்போது அதுதான் அசல் என்று ஒரு புதுக்கட்சி கிளம்பியிருக்கிறது. என் அக்கா மகன் அதில் உறுப்பினர். போன பொங்கலுக்கு வந்தபோது இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். கில்லன் குரலில் ப்ளூஸ் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்றான். இருக்கிறதுதான். இருந்தாலும் எனக்கு மேல்பூச்சுதான் பிடித்திருக்கிறது என்றேன்.

"நீங்க எப்பவுமே ரெண்டாவது ஆளுக்குத்தான் மாமா ஓட்டுப் போடுவீங்க."

"இதுல மார்ட்டின் ஆறாவது ஆளுடா. எண்ணிப் பாரு."