மஞ்சள் கோடு

சாலையில் புதிதாக ஒரு கோடு விழுந்தால், அதன் இருபுறமும் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. பெர்லின் மாநகரில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதுதான் நிகழ்ந்தது. கோவிட் பெருந்தொற்றுக்கு அஞ்சிய மக்கள் பேருந்தையும் இரயிலையும் தவிர்த்தனர். கார்களின் ஓட்டமும் அடங்கியிருந்தது. அவ்வேளையில், கிராய்ட்ஸ்பெர்க் வட்டாரத்தில் கால்வாய்க் கரையை ஒட்டிச் செல்லும் ஹாலெஷெஸ் ஊஃபர் சாலையில், கார்கள் ஓடிய தடமொன்றை அதிகாரிகள் மிதிவண்டிகளுக்கு ஒதுக்கினர். கல்லும் சுண்ணாம்பும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மஞ்சள் கோடு; அதையொட்டிச் சாலைப் பணியின்போது நிறுத்தும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகள்; அவ்வளவே. ஜெர்மனியில் மஞ்சள் கோடு தற்காலிகத்தின் அடையாளம். அது இருக்கும்வரை பழைய வெள்ளைக் கோடு செல்லாது.

எதிர்ப்பு எழாதிருக்குமா? காரில் செல்வோரின் முறையீட்டை வெறும் தன்னலம் என்று தள்ளிவிடுவது நேர்மையன்று. சரக்கு வண்டி நின்று இறக்க இடம் வேண்டும். கருவிப் பெட்டியும் பலகையுமாகத் தொழிலுக்குப் புறப்படும் தச்சர் மிதிவண்டியில் செல்வது எங்ஙனம்? மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். எட்டுத் தடங்களைப் பற்றிய அவ்வழக்கில், செப்டம்பரில் நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கமே சாய்ந்தது. இன்ன சாலையில் இன்ன ஆபத்து உண்டு என்று அரசு காட்டவில்லை. பெருந்தொற்று என்பது போக்குவரத்தால் விளையும் ஆபத்தன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து.

சட்டத்தின் சொல்லை மட்டும் நோக்கினால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் ஆபத்தை மெய்ப்பிப்பது எப்படி? விபத்துக் கணக்காலும் வண்டிக் கணக்காலும்தான். அங்கேதான் இடர்ப்பாடு. வகுப்பறையின் வருகைப் பதிவேட்டில் வராத மாணவனுக்கும் ஒரு கட்டம் உண்டு. அவன் ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். சாலையோரம் நின்று எண்ணுகிறவரின் தாளில் அப்படியொரு கட்டம் இல்லை. லாரிக்கு அஞ்சி மிதிவண்டியைச் சுவரோரம் சாத்திவிட்ட சிறுமி அதில் இடம்பெறுவதில்லை. அந்த அச்சத்தாலேயே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு விரைகிற தாயோ, காரோட்டிகளுள் ஒருத்தியாக எண்ணப்படுகிறாள்! மிதிவண்டி எதுவும் துணிந்து நுழையாத சாலையில் மிதிவண்டி விபத்து எவ்வாறு நேரும்? ஏட்டின்படி அது பாதுகாப்பான சாலை.

இத்தகைய அச்சம் ஓரிரு நாள்களில் தெளிவதன்று. இலண்டனில் கென்சிங்டன் ஹை ஸ்திரீட் என்னும் கடைவீதியில் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் இட்ட தற்காலிகத் தடத்தை, ஏறக்குறைய ஏழு வாரங்களில், டிசம்பரிலேயே பெயர்த்துவிட்டார்கள். போக்குவரத்து நெரிசலும் வணிகர்களின் மனக்குறையும் காரணங்களாகக் கூறப்பட்டன. நெரிசல் முதல் நாளே கண்ணில் படும். பிள்ளையை மிதிவண்டியில் அனுப்பலாம் என்னும் துணிவு ஒரு தாய்க்கு வர ஒரு பள்ளிப் பருவமாவது கழிய வேண்டாமா? ஏழு வாரம் வகுப்பில் இருந்த மாணவனை ஆண்டுத் தேர்வில் உட்காரவைத்துத் தோல்வி என்று எழுதியதைப் போன்றதே அது.

பெர்லின் அரசு தடங்களைப் பெயர்க்கவில்லை, மேல்முறையீடு செய்தது. விடுபட்டிருந்த வண்டிக் கணக்கையும் விபத்துக் கணக்கையும் திரட்டி உயர் நிர்வாக நீதிமன்றத்தில் வைத்தது. அக்டோபரில் முதல் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2021 சனவரியில் மாற்றப்பட்டது. மஞ்சள் கோடுகள் பலவும் பின்னர் நிலையான தடங்களாயின.

வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. 2023 இல் ஆட்சி மாறியதும், கார்களின் தடத்தையோ நிறுத்துமிடத்தையோ குறைக்கும் புதிய திட்டங்கள் சூன் திங்களில் நிறுத்திவைக்கப்பட்டன. மறு ஆண்டில் ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டமே திருத்தப்பட்டது. பாதுகாப்பையும் போக்குவரத்தின் தடையற்ற ஓட்டத்தையும் தவிர, மக்களின் உடல்நலம், சூழல், நகர வளர்ச்சி ஆகியவற்றையும் கருதிச் சாலை விதிகளை வகுக்க அத்திருத்தம் இடமளித்தது.