தெப்பத்தின் அடியில்

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் கார்த்திகை தீபம் முடிந்ததும் மூன்று இரவுகள் இந்த ஊருக்கும் ஒரு படகுத்துறை வாய்க்கிறது. சந்திரசேகரர் ஒரு நாள், பராசக்தி ஒரு நாள், முருகர் ஒரு நாள் என்று ஐயங்குளத்தில் தெப்பத்தில் வலம் வருவார்கள். இரவில் அந்த அலங்காரத்தைக் காண ஊரே திரளும். நான் தெப்பத்தின் அடிப்பாகத்தைப் பார்க்கப் பகலிலேயே போனேன்.

படித்துறையில் தெப்பத்தை மிதக்கவைக்கும் காலி பேரல்கள் கிடந்தன. பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றையும் உருட்டி, விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றை ஒதுக்கித் தள்ளினார்.

"உள்ள தண்ணி நிக்குது தம்பி. சத்தமே சொல்லுது பாருங்க."

தேறியவற்றின் மூடியைத் திருகி வாஷரைப் பார்த்தார். அதன்பின் இரண்டு பையன்கள் பேரலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார்கள். மூடியோரம் ஒரு குமிழி வந்தாலும் அது கரைக்குத் திரும்பிவிடும்.

200 லிட்டர் பேரல் முழுக்க அமிழ்ந்தால் 200 கிலோ தண்ணீரை விலக்கும். பேரலின் எடை சுமார் 20 கிலோ. மிச்சம் 180 கிலோவைத்தான் அது தாங்கும். சாமி, குருக்கள், நாதஸ்வரக்காரர்கள், பூ, விளக்கு எல்லாமே, பேரல்கள் எல்லாம் சேர்ந்து தாங்கும் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஒரு மூலையில் இரண்டு பேரல் ஒழுகினால் தெப்பம் அந்தப் பக்கம் சாயும்.

பேரல்களின் மேல் கட்டைகளைப் பிணைக்கத் தேங்காய்நார்க் கயிறு. நைலான் கூடாதா என்று கேட்டேன். "நனைஞ்சா அது வழுக்கும், இது இறுகும். ஆனா மூணாம் நாள் அவுக்கவும் வரணும். அப்படிப் போடணும் முடிச்ச."

இடுப்பளவு தண்ணீரில் நின்று முடிச்சுப் போட்டவர்கள் யாரும் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. கேட்டதற்கு, "நீச்சல் தெரியும் தம்பி" என்றார் பெரியவர்.

இங்கிலாந்தில் விட்பி என்ற சிறு துறைமுக ஊரில், 1861 பிப்ரவரிப் புயலில், உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். எல்லோரும் கடலிலேயே வாழ்ந்தவர்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் மட்டும் தக்கைத் துண்டுகள் வைத்துத் தைத்த புது அங்கியை அணிந்திருந்தார். இதைச் சொன்னேன். பெரியவர் முடிச்சை விட்டுவிட்டுக் கேட்டார்.

"எங்கப்பா எனக்கு இடுப்புல சுரைக்குடுக்கை கட்டித்தான் நீச்சல் பழக்கினாரு. அது மாதிரிதானே?"

அதேதான். உள்ளே அடைபட்ட காற்றுதான் பேரலிலும் சுரைக்குடுக்கையிலும் தக்கையிலும் ஆளைத் தாங்குகிறது. தெப்பம் கட்டும் கூலியோடு ஆளுக்கொரு ஜாக்கெட்டும் தர வேண்டும். திருவிழாச் செலவில் அது பெரிய தொகையே இல்லை.

இரவு. மலையுச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. தெப்பம் நகர்ந்ததும் படிகளில் கைகள் குவிந்தன. பெரியவர் மட்டும் குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்து தெப்பம் எங்கள் பக்கம் திரும்பியபோது என் தோளைத் தொட்டார்.

"நாலு மூலையும் ஒரே மட்டம். பாத்தீங்களா?"