திறக்காத கணினியும் ஒரு பெரியவரின் குரலும்

நேயர்களோடு பேசுவதுதான் என் தொழில். கணினி பழுது பார்ப்பது அல்ல. ஆனாலும், "புதுக் கணினிக்கு மாத்தினதிலிருந்து மெய்நிகர் கணினி திறக்கவே மாட்டேங்குது" என்று நண்பர்கள் யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நெட்வொர்க்கை அணைச்சுப் பார்த்தீங்களா?"

மெய்நிகர் கணினி என்பது நம் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி. அதன் வன்தட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கோப்பாக நம் கணினியில் இருக்கும். 2014 ஏப்ரலில் வின்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. அதன் பிறகு எங்கள் நிலையத்தின் பழைய ஒலித்தொகுப்பு மென்பொருளை இப்படித்தான் காப்பாற்றி வைத்தோம். தோட்டப்புறங்களுக்குப் போய் நான் எடுத்த பேட்டிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. எங்களிடமுள்ள வேறு எந்த மென்பொருளிலும் அந்தக் கோப்புகள் திறக்காது.

சென்ற ஆண்டு நேயர் ஒருவர் அழைத்தார். "அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க. அவர் உங்ககிட்ட பேசினது இருக்குமா? பேரப்பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும்." அவர் அப்பா நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். நினைவு நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

எங்கள் பழைய மேசைக் கணினியைக் கழித்துவிட்டு, அதிலிருந்தவற்றைப் புது மடிக்கணினிக்கு மாற்றியிருந்த நேரம் அது. மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், ஏதோ ஒரு நெட்வொர்க் இணைப்பியைக் காணவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்த தம்பி, "அக்கா, கெட்டுப் போச்சு போல. அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமே" என்றார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. அது என்ன சொல்லுதுன்னு முதல்ல படிப்போம்" என்றேன்.

காரணம் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களில் நெட்வொர்க்கைப் பல விதமாக இணைக்கலாம். 'பிரிட்ஜ்டு' முறையில் இணைத்தால், மெய்நிகர் கணினி நம் கணினியின் குறிப்பிட்ட ஒரு நெட்வொர்க் கருவியைப் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய கணினியில் இருந்தது கேபிள் செருகும் இணைப்பி. புது மடிக்கணினியில் வைஃபை மட்டும்தான். இல்லாத பெயரைத் தேடியதால் அது தொடங்க மறுத்தது. வன்தட்டுக் கோப்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

முதலில் அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டில் நகலெடுத்தோம். பிறகு மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், இணைப்பியை இயக்கும் பெட்டியில் இருந்த குறியை எடுத்தோம். மீண்டும் தொடங்கியபோது எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் வந்தது. தம்பி கைதட்டினார்.

இணையம் வேண்டியவர்கள் அதே இடத்தில் 'நேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அது குறிப்பிட்ட ஒரு கருவியின் பெயரைத் தேடாது. கேபிளோ வைஃபையோ, நம் கணினிக்கு எந்த வழியாக இணையம் வந்தாலும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். 'பிரிட்ஜ்டு' கட்டாயம் தேவை என்றால், பட்டியலில் இப்போது இருக்கும் வைஃபை கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹைப்பர்-வி பயன்படுத்துபவர்கள், பழைய மெய்நிகர் சுவிட்ச் புதுக் கணினியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸ் சில நேரம் வேறு மாதிரி பயமுறுத்தும். தொடங்கும், ஆனால் நெட்வொர்க் வரட்டும் என்று பாதியில் அப்படியே நிற்கும். பல பதிப்புகளில் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானாகவே மேலே போகும். ஒரு தே தாரிக் கலக்கிக்கொண்டு வந்து பாருங்கள், அதற்குள் திறந்திருக்கும்.

எங்கள் எக்ஸ்பியில் நெட்வொர்க்கை அணைத்தபடியே விட்டுவிட்டோம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஓர் இயங்குதளம் இணையத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பேட்டியை வெளியே எடுக்கப் பகிர்வுக் கோப்புறையே போதுமானதாக இருந்தது. அதற்கு நெட்வொர்க் தேவையில்லை.

பதினெட்டு நிமிடப் பேட்டி அது. விடியற்காலைப் பிரட்டுக்கு மணி அடிப்பதைப் பற்றிப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நினைவு நாளுக்கு முந்திய மாலை அதை அவர் மகளுக்கு அனுப்பினேன். இரவு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "அம்மா மூணு தடவை கேட்டுட்டாங்க."

அந்த வாரமே மற்றப் பேட்டிகளையும் சாதாரண ஒலிக்கோப்புகளாக மாற்றி, இரண்டு இடங்களில் வைத்தோம். உங்கள் வீட்டிலும் கல்யாண வீடியோ, கடைக் கணக்கு, தாத்தாவின் குரல் என்று ஏதாவது இப்படிப் பழைய மெய்நிகர் கணினிக்குள் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்கவில்லையா? நகலெடுங்கள், அறிவிப்பைப் படியுங்கள், நெட்வொர்க்கை அணையுங்கள். 'எல்லாக் கோப்புகளையும் அழி' என்ற பொத்தான் பக்கம் மட்டும் போகாதீர்கள்.