அச்சுக் கட்டளையும் ஒரு காற்புள்ளியும்

கம்ப்யூட்டர் மொழி எதைக் கற்றாலும் முதல் பாடம் ஒன்றுதான்: திரையில் ஒரு வரியைக் காட்டு என்று சொல்லும் கட்டளை. பைத்தானில் அதற்குப் பெயர் ‘பிரிண்ட்’. தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் அது ‘பதிப்பி’. 2019 முதல் நம் மாநில பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருப்பதால், குருவிகுளத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

இந்தச் சின்னக் கட்டளைக்குள் பல சின்னச் சின்ன வசதிகளை வைத்திருக்கிறார்கள். அதில் எது நமக்கு உதவி, எது உபத்திரவம் என்று யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலாவது, வரி முடிந்ததும் தானாக அடுத்த வரிக்குப் போவது. சி மொழியின் ‘பிரிண்ட்எஃப்’ நாம் சொன்னால்தான் போகும். ‘புட்ஸ்’ சொல்லாமலே போய்விடும். பாஸ்கலில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை. பழைய பைத்தானில் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்தால் அதே வரியில் நிற்கும். ஒரு புள்ளியளவு குறி, அதில்தான் அர்த்தமே மாறும். கண் மங்கிய என்னைப் போன்றவர்களுக்கு அது வம்பு. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 அந்தக் காற்புள்ளியை எடுத்துவிட்டு, ‘எண்ட்’ என்று பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றியது. அடைப்புக்குறியும் கட்டாயமானது. பழைய நிரல்கள் ஓடாமல் நின்றதில் பலருக்குக் கோபம். ஆனாலும் மாற்றியது நல்லதுதான் என்பேன். பெயருள்ள வசதியைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, பெரிய எண்களுக்குக் காற்புள்ளி போடுவது. பைத்தானில் 3.1, 2.7 பதிப்புகள் முதல் இந்த வசதி உண்டு. வடிவத்தில் ஒரு காற்புள்ளி எழுதினால் போதும். எண்ணைத் தானே பிரித்துக் காட்டும். ஆனால் எப்படி? 1234567 என்பது 1,234,567 என்று வரும். நமக்கு அது 12,34,567 அல்லவா?

நான் வேலை பார்த்த காலத்து மொழி கோபால் (ஆள் பெயர் இல்லை, மொழியின் பெயரே அதுதான்). அதில் எண் எப்படித் தெரிய வேண்டும் என்று இடம் இடமாக நாமே வரைந்து காட்ட வேண்டும். எழுதக் கை வலிக்கும். ஆனால் காற்புள்ளியை எங்கே வரைகிறோமோ அங்கேதான் விழும். லட்சமும் கோடியும் ஒழுங்காக வரும். செக்கில் முன்னால் யாரும் இலக்கம் சேர்க்காதபடி வெற்றிடத்தை நட்சத்திரக் குறியால் நிரப்பவும் வழி உண்டு. பைத்தானில் ஒரு குறியில் முடிகிற வேலைதான், ஆனால் அந்தக் குறிக்கு லட்சம் தெரியாது. அதற்கு நாட்டு வழக்கத்தைத் தனியாக அமைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இந்தியா என்று குறிப்பிட்டால் லட்சக் கணக்கில் காட்டும்.

ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். கோயில் கொடை முடிந்து வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறோம். 4,85,300 என்று இருந்தால் நம் வயதுக்காரர் நின்ற இடத்திலேயே நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் என்று சொல்லிவிடுவார். 485,300 என்று இருந்தால் விரல் வைத்து எண்ணுவார். வரி கொடுத்தவருக்குக் கணக்கு புரியாவிட்டால், அடுத்தது சந்தேகம்தான்.

மூன்றாவது வசதி, பெயர்களை ஒரே அகலத்தில் நிறுத்துவது. பதினைந்து இடம் கொடு என்றால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பும். ஆங்கிலத்தில் பத்தி நேராக நிற்கும். தமிழில் ‘குருவிகுளம்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. பைத்தானுக்குப் பதினொன்று, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. சி மொழியோ பைட்டுகளை எண்ணி 33 என்கிறது. நெல்லையும் மதுரையும் நமக்கு மூன்று மூன்று எழுத்து. பைத்தானுக்கு ஒன்று ஆறு, மற்றது ஐந்து. பட்டியல் எப்படி நேராக நிற்கும்? தொகை ஒருவர் பெயரை விட்டு நகர்ந்து நின்றால் தெருவில் பதில் சொல்ல வேண்டியது கணக்கு எழுதியவர்.

இதற்கு ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு எழுத்தைத் தமிழ் முறையில் எண்ணித் தருகிறது. அப்போதும் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலம் இல்லையே. ஆகவே வெற்றிடத்தை நம்பாமல், கோடு போட்ட அட்டவணையில் ஏற்றுவதே உத்தமம்.

வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோபாலில் நூறு வரி எழுதியவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒவ்வொரு வசதியும் யாரோ ஒருவர் ஊர் வழக்கத்தை வைத்துச் செய்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊர்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் எடுத்துத் தந்தால், ஒட்டுவதற்கு முன் காற்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது, தொகை யார் பெயருக்கு நேரே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.